கோர்ட் இழப்பீடு போட்டுச்சு, காசு எங்க?

9 பிப்ரவரி 2025, ஒரு வாசகர் கேட்டது

எங்க மாமாவ வண்டி நிறுத்தற தகராறுல ஒருத்தன் இரும்பு பைப்பால அடிச்சு வலது கை எலும்பு முறிஞ்சிடுச்சு. 2019-ல நடந்தது. 2023 கடைசில ஜே.எம். (மேஜிஸ்ட்ரேட்) கோர்ட்ல தீர்ப்பு. ஐ.பி.சி. 325-ல, அதாவது பலத்த காயத்துக்கு, ஒரு வருஷம் ஜெயில், அதோட மாமாவுக்கு 50,000 ரூபா இழப்பீடு. இன்னைக்கு வரைக்கும் ஒத்த ரூபா வரல. மாமா தறி ஓட்டறவர், கை முன்ன மாதிரி மடங்கல. அரசு வக்கீல் ஏ.பி.பி.ய கேட்டா தண்டனை வாங்கிக் குடுத்ததோட என் வேலை முடிஞ்சுதுங்கறார், ஸ்டேஷன்ல கேட்டா கோர்ட்டுக்குப் போங்கறாங்க, கோர்ட்ல கேட்டா வக்கீல் வெச்சு மனு போடுங்கறாங்க. இதெல்லாம் பேப்பர்ல செய்தி வர்றதுக்காக எழுதற இழப்பீடு, அவ்வளவுதான்னு நான் முடிவு பண்ணிட்டேன். தப்பா?

9 பிப்ரவரி, ராத்திரி

பாதி சரி தம்பி. மீதி பாதிய சொல்றேன். நான் வக்கீல் இல்ல, ரொம்ப வருஷம் வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தா, அதனால சட்டத்த விட கேஸ் கட்டு எங்க தூங்கும்ங்கறது எனக்கு நல்லா தெரியும்.

முதல்ல தீர்ப்போட சிசி காப்பி, அதாவது கோர்ட் சான்று போட்ட நகல் எடுங்க. அதுல ரெண்டு விஷயம் பாக்கணும். ஒண்ணு, 50,000 அபராதத்துலருந்து குடுக்கச் சொன்னதா, தனியா இழப்பீடா போட்டதா. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 357(1)னா அபராதப் பணத்துலருந்து எடுத்துக் குடுக்கறது, 357(3)னா அபராதமே இல்லாம நேரா இழப்பீடு. ஜே.எம். கோர்ட்டுக்கு அப்ப அபராத வரம்பே 10,000 தான், 50,000னு நீங்க சொல்றப்பவே அது 357(3)னு தெரியுது, அதுக்கு வரம்பு இல்ல. ரெண்டாவது, கட்டலன்னா இத்தனை மாசம் ஜெயில்னு எழுதியிருக்காங்களா. எழுதலன்னாலும் உத்தரவு செல்லும், ஆனா எழுதாத உத்தரவுக்கு எவனும் பயப்பட மாட்டான்.

அடுத்து, அவன் அப்பீல் போயிருக்கானான்னு பாருங்க. முக்காவாசி இங்கதான் மாட்டும். அப்பீல் போட்ட அன்னைக்கே செஷன்ஸ் கோர்ட்ல தண்டனைய நிறுத்தி வெக்க ஒரு மனு போடுவாங்க, தண்டனையோட சேர்ந்து இழப்பீடும் அப்படியே நின்னுடும். சில ஜட்ஜுங்க ஒரு பகுதிய கட்டிட்டு வான்னு கண்டிஷன் போடுவாங்க, சிலர் போட மாட்டாங்க. உங்க மாமாவுக்கு அப்பீல் நோட்டீஸே வந்திருக்காது, ஏன்னா கேஸ் அரசாங்கத்துக்கும் அவனுக்கும் நடுவுல நடக்குது, அடி வாங்குனவர் பி.டபிள்யூ.1, அதாவது அரசுத் தரப்பு முதல் சாட்சி தானே ஒழிய கட்சிக்காரர் கிடையாது.

அப்பீல் இல்லன்னா தீர்ப்பு சொன்ன அதே கோர்ட்ல வசூல் மனு போடலாம். 431-ம் பிரிவு கோர்ட் கட்டச் சொன்ன எந்தப் பணத்தையும் அபராதம் மாதிரியே வசூலிக்கலாம்ங்குது. 421-ல அதுக்கு வழி இருக்கு: அசையும் சொத்த ஜப்தி பண்ணலாம், இல்ல கலெக்டருக்கு வாரண்ட் அனுப்பி நிலவரி பாக்கி மாதிரி வசூல் பண்ணச் சொல்லலாம். நம்ம ஊர்ல அதுக்கு 1864-லயே போட்ட வருவாய் வசூல் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு. தாசில்தார் ஆபீஸ்ல அந்த வாரண்ட் எந்த பீரோல போய் உக்காரும்ங்கறது வேற கதை.

ஏன் யாரும் சொல்லலன்னா, சொல்றது யாரோட வேலையும் இல்ல. இதான் என் மொத்த கடுப்பும். உத்தரவு போட கோர்ட் இருக்கு, உள்ள வெக்க ஜெயில் இருக்கு, அந்தக் காச பாதிக்கப்பட்டவன் கையில கொண்டு வந்து குடுக்க ஒரு ஆள் இல்ல.

10 பிப்ரவரி

கீழ ஒருத்தர், அவன் கட்டாததுக்கு உள்ள போய் இருந்துட்டு வந்துட்டா கணக்கு தீர்ந்துச்சு, அப்புறம் கேக்க முடியாதுங்கறார். இல்லீங்க. சாதா அபராதத்துக்குத்தான் பெரும்பாலும் அப்படி. இழப்பீடா இருந்தா, அந்தக் கூடுதல் ஜெயில முடிச்சுட்டு வந்தாலும் பாக்கி பாக்கிதான். 2017-ல குமரன் எதிர் கேரள அரசுங்கற கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. இத வக்கீலுங்களே சில பேர் கிளையண்ட்கிட்ட சொல்றதில்ல, ரெண்டு மாசம் இருந்துட்டு வந்துடு மிச்சம்ங்கற மாதிரி யோசனை குடுப்பாங்க.

12 பிப்ரவரி

"இழப்பீட அரசாங்கம் தரும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதிப் போடுங்க"ன்னு மூணு பேர் எழுதியிருக்கீங்க. ரெண்டு பாக்கெட்ட ஒண்ணா போட்டு குழப்பாதீங்க. ஒண்ணு குற்றவாளி பாக்கெட், அது 357. இன்னொண்ணு அரசாங்க பாக்கெட், அது 357ஏ, 2008 திருத்தத்துல வந்து 2009 டிசம்பர் 31-லருந்து அமலானது. ஒவ்வொரு மாநிலமும் தனக்குன்னு ஒரு திட்டம் போடணும்னு அதுல சொன்னாங்க, தமிழ்நாடு 2013-ல போட்டுச்சு. பணம் மாநில அரசோடது, எவ்வளவுன்னு முடிவு பண்றது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, விசாரிச்சு ரெண்டு மாசத்துல முடிக்கணும்.

இப்ப 2024 ஜூலை 1-லருந்து புது சட்டம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதுல 357 போய் 395, 357ஏ போய் 396. நம்பர் மாறுச்சு, விஷயம் பெரும்பாலும் அதேதான். நான் பழைய நம்பர்லயே பேசறேன், மனசுல பதிஞ்சது அதுதான், மாமா கேஸும் பழைய கேஸ்தான்.

357ஏ-ல எனக்குப் பிடிச்சது நாலாவது உட்பிரிவு. குற்றவாளி யாருன்னே தெரியல, கேஸே நடக்கலன்னாலும் பாதிக்கப்பட்டவங்க நேரா ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கலாம். எங்க ஆபீஸுக்கு ஒரு அம்மா வருவாங்க, காய்கறி வாங்கிட்டு வர்றப்ப பைக்ல வந்தவன் தோட்ட இழுத்ததுல காது மடலே கிழிஞ்சு போச்சு. ஆள் கிடைக்கல. கண்டுபிடிக்க முடியலன்னு போலீஸ் கேஸ முடிச்சு ஒரு நோட்டீஸ் குடுத்தாங்க, அத மடிச்சு பர்ஸ்ல வெச்சிருந்தாங்க. ஒரு வருஷத்துக்கு மேல அந்தக் காகிதம் பர்ஸ்லயே இருந்துச்சு. அந்த நோட்டீஸ் தான் விண்ணப்பத்துக்கு முதல் ஆவணம்னு யாருமே சொல்லல. எங்க வக்கீல் வேற ஒரு நிலப் பிரச்சனைக்காக அவங்க குடுத்த காகிதத்துல அதப் பாத்துட்டுத்தான் எழுதிப் போட்டார். தொகை பெருசா வரல. ஆனா வந்துச்சு.

பெண்களுக்கு தனித் திட்டம் இருக்கு, 2018-ல தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு போட்டத சுப்ரீம் கோர்ட் நாடு முழுக்க அமல்படுத்தச் சொன்னது, பாலியல் வன்கொடுமைக்கு குறைஞ்சது 4 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம், கூட்டு வன்கொடுமைன்னா 5-லருந்து 10. ஆசிட் வீச்சுக்கு 2013-லயே லக்ஷ்மி கேஸ்ல குறைஞ்சது 3 லட்சம், அதுல முதல் லட்சம் 15 நாளுக்குள்ளன்னு சொல்லியாச்சு. 15100-க்கு போன் பண்ணா சட்ட உதவி பத்தி சொல்லுவாங்க, இலவசம்.

மாமாவுக்கு இது கிடைக்குமா? கோர்ட் போட்ட இழப்பீடு மறுவாழ்வுக்குப் பத்தாதுன்னு தீர்ப்பு சொல்ற கோர்ட் நினைச்சா ஆணைக்குழுவுக்கு பரிந்துரை பண்ணலாம். தீர்ப்புல பரிந்துரை இருக்கான்னு அதே சிசி காப்பில பாருங்க.

13 பிப்ரவரி

வண்டில இடிச்சுட்டு நிக்காம ஓடிடற ஹிட் அண்ட் ரன் கேஸ் பத்தி கேட்டவருக்கு: ஆமா, அது தனி. மோட்டார் வாகனச் சட்டத்துல வருது, 2022 ஏப்ரல்லருந்து செத்தா 2 லட்சம், பலத்த காயம்னா 50,000. இதுக்குள்ள அத இழுக்காதீங்க.

16 பிப்ரவரி, ஞாயிறு, கரண்ட் இல்ல அதனால போன்ல நீட்டி எழுதறேன்

ஆள் இல்லன்னு முதல் நாள் சொன்னேன்ல, சட்டப் புத்தகத்துல, ஜெயிலுக்கு அனுப்பாம வெளிய விட்டவங்கள பாத்துக்கற ஒரு ஆள் இருக்கார். நன்னடத்தை அலுவலர். உங்கள்ல எத்தனை பேர் நேர்ல பாத்திருக்கீங்க?

1958-ல வந்த குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் மத்திய சட்டம். ஆனா நம்ம மெட்ராஸ் மாகாணம் அதுக்கு இருபது வருஷம் முன்னாடியே, 1936-லயே தனியா ஒண்ணு போட்டிருச்சு. இந்த விஷயத்துல மெட்ராஸ் எப்பவும் முந்தி. சிறுவர் சட்டம் 1920-ல, இந்தியாவுலயே முதல். இளங்குற்றவாளிகளுக்கான போர்ஸ்டல் பள்ளிச் சட்டம் 1925. ஜெயிலுக்கு அனுப்பாம வெளியவே வெச்சு திருத்தற யோசனை நமக்கு புதுசு இல்ல, நம்ம தாத்தா காலத்துலயே சட்டசபைல பேசி முடிச்சது.

58 சட்டத்துல 4-ம் பிரிவு: தூக்கோ ஆயுளோ விதிக்க முடியாத குற்றம்னா, ஆளப் பாத்து, சூழ்நிலையப் பாத்து, ஜெயில் இல்லாம அதிகபட்சம் மூணு வருஷத்துக்கு ஒழுங்கா நடந்துக்கறேன்னு பாண்ட் எழுதி வாங்கிட்டு விடலாம். 21 வயசுக்குக் கீழன்னா உள்ள அனுப்பறதுக்கு கோர்ட் காரணம் எழுதணும், அலுவலர்கிட்ட அறிக்கையும் வாங்கணும், அது 6-ம் பிரிவு. நடுவுல 5-ம் பிரிவ எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க: இப்படி விடறப்ப பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் கோர்ட் செலவும் கட்டச் சொல்லலாம். அப்புறம் 14-ம் பிரிவு அலுவலரோட கடமைகளச் சொல்லுது, அதுல ஒண்ணு அந்த இழப்பீட கட்டறதுக்கு குற்றவாளிக்கு யோசனை சொல்லி உதவறது. எழுத்துல இருக்குங்க. 1958-லருந்து இருக்கு.

நான் பாத்த ஒரு கேஸ். பையனுக்கு 19 வயசு, கிணத்து மோட்டார் ஒயர அறுத்து காப்பர எடைக்குப் போட்டுட்டான். தோட்டக்காரர் கோவம் நியாயமானது, ரெண்டு வாரம் தண்ணி பாய்ச்ச முடியாம மஞ்சள் வாடிப் போச்சு, ஒயர் விலைய விட வெள்ளாமை நட்டம் பெருசு. மேஜிஸ்ட்ரேட் நன்னடத்தை அலுவலர்கிட்ட அறிக்கை கேட்டார். அவர் சைக்கிள்ல வருவார், ரெக்ஸின் பை, கோர்ட் வராண்டால எங்க குமாஸ்தா பெஞ்சுலதான் உக்காருவார் ஏன்னா அவருக்குன்னு அங்க ஒரு சேர் கிடையாது. பையன் வீட்டுக்குப் போனார், வேலை குடுத்த செங்கல் சூளைக்குப் போனார், தோட்டக்காரர் வீட்டுக்கும் போனார், அது சட்டப்படி தேவையான்னு எனக்கு சந்தேகம்தான், ஆனா போனார். பாண்ட்ல விட்டாங்க, இழப்பீட மாசத் தவணையா பிரிச்சு.

மாசா மாசம் அவரே சூளைக்குப் போய் ஞாபகப்படுத்துவார், பையன் கோர்ட்ல கட்டிட்டு ரசீது கொண்டு வந்து காட்டணும். நடுவுல ரெண்டு தவணை நின்னுச்சு, மழை, சூளை ஓடல. அலுவலர் கோர்ட்டுக்கு எழுதி நாள் நீட்டிச்சு வாங்கினார். கடைசில தோட்டக்காரரே போதும் விடுங்க சார்ன்னார். அவர் விடல. நீங்க விட்டாலும் என் ஃபைல் விடாதுங்கன்னு சொல்லி கடைசி ரூபா வரைக்கும் கட்ட வெச்சார். பையன் திருந்தினானான்னு கேக்காதீங்க, அப்புறம் அவன் திருப்பூர் பக்கம் போயிட்டான், தெரியாது. தோட்டக்காரருக்கு காசு வந்துச்சு. அது எனக்குத் தெரியும், ரசீத நான்தான் ஃபைல் பண்ணேன்.

இந்த மாதிரி 5-ம் பிரிவுல முழுசா வசூலான கட்டு நான் பாத்தது ரொம்ப அபூர்வம். அதுக்குக் காரணம் ஆளுங்க மோசம்ங்கறது இல்ல, கோர்ட்டு கேக்கறதே இல்ல. வக்கீல் 4-ம் பிரிவுல விடச் சொல்லி கேப்பார், மேஜிஸ்ட்ரேட் விடுவார், இழப்பீடுன்னு ஒரு வார்த்தை ஏ.பி.பி. வாய்லருந்து வராது, பாதிக்கப்பட்டவர் அன்னைக்கு கோர்ட்லயே இருக்க மாட்டார். 2013-ல அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் கேஸ்ல சுப்ரீம் கோர்ட், ஒவ்வொரு தண்டனைத் தீர்ப்புலயும் இழப்பீடு பத்தி யோசிச்சே ஆகணும், குடுத்தாலும் குடுக்காட்டியும் காரணம் எழுதணும்னு சொல்லிடுச்சு. 1988-லயே ஹரி சிங் கேஸ்ல தாராளமா பயன்படுத்துங்கன்னு சொன்னதுதான். ஆனா கீழ் கோர்ட்ல இழப்பீடுன்னு காதுல விழுந்தாலே அது செக் கேஸ்தான். செக் ரிட்டன் ஆனா மட்டும் இரட்டிப்பு வரைக்கும் துல்லியமா கணக்குப் போட்டு எழுதுவாங்க. கை உடைஞ்சவனுக்கு கணக்குப் போட யாருக்கும் தெரியறதில்ல.

17 பிப்ரவரி

நன்னடத்தை அலுவலர்னா எலெக்‌ஷன் நேரத்துல வருவாரேன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். அது நன்னடத்தை விதிங்க. ஆனா இவர அதுக்கும் அனுப்புனா தேவலைதான், ஆள் அதிகமா தேவைப்படும்.

22 பிப்ரவரி

சமுதாய சேவை பத்தி கேட்டிருக்கீங்க. ஐ.பி.சி.க்கு பதிலா வந்த புது பாரதிய நியாய சன்ஹிதால 4-ம் பிரிவுல தண்டனைப் பட்டியல்லயே அது சேந்துடுச்சு. பெரிய புரட்சின்னு டிவில பேசுனாங்க. போய் எண்ணிப் பாத்தா ஆறே ஆறு குற்றத்துக்கு. அரசு ஊழியர் சட்டவிரோதமா வியாபாரம் பண்றது, கோர்ட் அறிவிச்சும் ஆஜராகாம இருக்கறது, அதிகாரிய மடக்க தற்கொலை மிரட்டல், சின்னத் திருட்டு, குடிச்சுட்டு பொது இடத்துல ரகளை, அவதூறு. அவ்வளவுதான்.

இதுல திருட்டுப் பிரிவு மட்டும் உருப்படி. 5,000 ரூபாவுக்குள்ள மதிப்பு, முதல் தடவை தண்டனை, பொருளையோ அதோட மதிப்பையோ திருப்பிக் குடுத்துட்டா தண்டனை சமுதாய சேவைதான். பாதிக்கப்பட்டவனுக்கு பொருள் வந்துடுது, இவன் ஜெயிலுக்குப் போய் பெரிய திருடன்கிட்ட டியூஷன் படிக்காம தப்பிக்கறான். இந்த ஒரு வரில திருப்பித் தர்றதையும் வெளிய வெச்சு திருத்தறதையும் ஒண்ணா முடிச்சு போட்டிருக்காங்க. என் ஒயர் பையன் கேஸ் இன்னைக்கு நடந்தா இங்கதான் வரணும், ஆனா அந்த ஒயரோட விலை 5,000-த்த தாண்டிடும், அதனால வராது. இன்னைய காப்பர் விலைக்கு எந்த ஒயர் திருட்டும் வராது.

என்ன வேலை, எத்தனை மணி நேரம், யார் பாத்துக்கறது, வரலன்னா என்ன? நாகரிக் சுரக்ஷா சன்ஹிதால இருக்கற விளக்கம், சமுதாயத்துக்குப் பயன்படற வேலை, கூலி கிடையாது, அவ்வளவுதான். மிச்சத்த மாநிலங்க பாத்து எழுதிக்கணும். மேற்பார்வை இல்லாட்டி என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். முதல் நாள் விளக்கமாறு புடிச்சு போட்டோ, ரெண்டாம் நாள் கையெழுத்து, மூணாம் நாள் கையெழுத்த வேற யாரோ போடுவாங்க.

2024 மே-ல புனேல போர்ஷே கார ஓட்டி ரெண்டு ஐ.டி. ஊழியர்கள கொன்ன 17 வயசு பையனுக்கு 300 வார்த்தை கட்டுரை எழுதச் சொன்னாங்கல்ல. அன்னைலருந்து வெளிய வெச்சு திருத்தறதுன்னாலே ஜனங்களுக்கு அந்தக் கட்டுரைதான் கண்ணுல தெரியுது. பணக்காரனுக்கு கட்டுரை, ஏழைக்கு லாக்கப்புன்னு சொன்னா நான் என்ன பதில் சொல்றது. அதுல பெரிய அசிங்கம் என்னன்னா செத்தவங்க குடும்பத்தப் பத்தி யாருமே பேசல, கட்டுரை எத்தனை வார்த்தைன்னுதான் சண்டை.

22 பிப்ரவரி, சாயங்காலம்

ஒரு சேர்க்கை. சமுதாய சேவை 2024-ல வானத்துலருந்து குதிக்கல. சிறார் நீதிச் சட்டத்துல ஏற்கனவே இருக்கு, 2015 சட்டத்துல 18-ம் பிரிவு. 1978-ல ஐ.பி.சி. திருத்த மசோதாவுலயே இத கொண்டு வரப் பாத்து மக்களவை கலைஞ்சதுல மசோதாவும் போச்சு. நம்ம சென்னை உயர் நீதிமன்றம்கூட பைக் சாகசம் பண்ணவங்கள அரசு ஆஸ்பத்திரி ட்ராமா வார்டுல போய் வேலை செய்யச் சொல்லி ஜாமீன் கண்டிஷன் போட்டிருக்கு, 2022-ல. அது நல்ல யோசனைதான், ஆனா அந்த வார்டு நர்ஸுங்ககிட்ட யாராவது கேட்டாங்களான்னு தெரியல, அவங்களுக்கு இருக்கற வேலைல இவன வேற பாத்துக்கணும்.

வெளிநாட்டுல 1966-ல கலிஃபோர்னியா அலமேடா கவுண்டில ட்ராஃபிக் அபராதம் கட்ட வசதி இல்லாத பொம்பளைங்களுக்காக ஆரம்பிச்சது. இங்கிலாந்துல 1972-ல சட்டமாச்சு. அபராதம் கட்ட காசில்லாதவங்கள வெச்சு ஆரம்பிச்சது இங்க வந்து கார் வெச்சிருக்கறவன் பேரோட ஒட்டிக்கிச்சு.

25 பிப்ரவரி

டல்லாஸ்ல இருக்கற நண்பர் எழுதியிருக்கார், அமெரிக்காவுல இழப்பீடு கட்டலன்னா ப்ரொபேஷன (நன்னடத்தைல வெளிய விடறத) ரத்து பண்ணி உள்ள தள்ளிடுவாங்க, அதனால எல்லாரும் ஒழுங்கா கட்டறாங்கன்னு. அவ்வளவு சுலபம் இல்ல சார். 1983-ல பியர்டன் எதிர் ஜார்ஜியான்னு ஒரு கேஸ். எழுதப் படிக்கத் தெரியாத ஆளு, அபராதமும் இழப்பீடும் சேத்து கட்டணும், அப்பா அம்மாகிட்ட கடன் வாங்கி முதல் பங்க கட்டிட்டான், அப்புறம் வேலை போச்சு. உள்ள தள்ளுனாங்க. வேணும்னே கட்டாதவனையும் முடியாம கட்டாதவனையும் ஒண்ணா பாக்கக் கூடாதுன்னு அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. இப்பவும் அங்க கோடிக்கணக்கான டாலர் பாக்கிதான் நிக்குது, காரணம் அதே காரணம், கட்ட வேண்டியவன்கிட்ட இல்ல.

இது எனக்கு முக்கியமா படறதுக்கு ஒரு காரணம் இருக்கு, அத நிதானமா எழுதறேன், இன்னைக்கு பேரன் ஸ்கூல்ல ஆண்டு விழா.

2 மார்ச்

காரணம் இதுதான். ஒரு அடிதடி கேஸ், உங்க மாமா கேஸ் மாதிரியே, ஆனா நாங்க எதிர்த்தரப்பு. தண்டனைய ரத்து பண்ண முடியல, அப்பீல்ல ஜெயில குறைச்சு இழப்பீட ஏத்திட்டாங்க. நல்ல தீர்ப்புன்னு எங்க வக்கீலே சொன்னார். பணம் கட்ட கெடு முடியறதுக்கு முந்தின நாள், அடிச்சவன் சம்சாரம் பணத்த கொண்டு வந்து எண்ணி வெச்சது. கழுத்துல மஞ்சக்கயிறு மட்டும்தான் இருந்துச்சு. தாலிக்கொடி அடகு பத்தாம மிச்சத்துக்கு வார வட்டி. 2003-லயே கந்துவட்டித் தடைச் சட்டம் போட்ட மாநிலம் இது. அடி வாங்குனவர் வீட்டுல அன்னைக்கு ஆஸ்பத்திரி கடன் அடைஞ்சுது, இந்த வீட்டுல புதுக் கடன் ஆரம்பிச்சுது. அடிச்சவன் வெளிய டீக்கடைல நின்னுட்டு இருந்தான்.

அதனால சும்மா வசூல் பண்ணு வசூல் பண்ணுன்னு சொல்றதோட நிறுத்த முடியல என்னால. நன்னடத்தை அலுவலர்கிட்ட இந்த வேலைய குடுங்கன்னு நான் சொல்றது அதுக்குத்தான். தாசில்தார் ஜப்திக்கு வந்தா கிரைண்டரும் சைக்கிளும்தான் போகும், அது யாரோட கிரைண்டர்னு அவர் பாக்க மாட்டார். இவர்னா அந்த வீட்டுக்குள்ள போய் உக்காந்து யார் சம்பாதிக்கறா, எவ்வளவு முடியும், எத்தனை தவணைன்னு பாத்து கோர்ட்டுக்கு எழுத முடியும். தவணைய அவன் கூலிலருந்து வர வெக்கணும், பொண்டாட்டி கழுத்துலருந்து இல்ல. அதுவரைக்கும் அடிபட்டவன் காத்திருக்க முடியாதுன்னா 357ஏ பணத்த முன்னாடி குடுத்துட்டு அரசாங்கம் அவன்கிட்ட அப்புறமா வாங்கிக்கட்டும்.

முன்னாடி குடுக்கறது முடியாத காரியம் இல்ல. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்பு விதிகள்ல ஏற்கனவே அப்படித்தான் இருக்கு, நிறைய குற்றங்களுக்கு எஃப்.ஐ.ஆர். போட்டதும் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை போனதும் 50, தண்டனை ஆனதும் மிச்சம் 25. குற்றத்தப் பொறுத்து 85,000-லருந்து எட்டேகால் லட்சம் வரைக்கும். அதுலயும் இழுபறி உண்டுதான், ஆனா எந்தக் கட்டத்துல எவ்வளவுன்னு எழுதி வெச்சிருக்கறதால போய் நின்னு கேக்க முடியுது. மாமா கேஸ்ல என்னத்த கேக்கறது, யார்கிட்ட கேக்கறது.

3 மார்ச்

ஜெயில் கூலி பத்தி சொல்லுங்கன்னு கேட்டவருக்கு: 1998-ல குஜராத் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் கைதிக்கு நியாயமான கூலி குடுக்கணும், அதுல ஒரு பங்க பாதிக்கப்பட்டவங்களுக்கு ஒதுக்க மாநிலங்க சட்டம் போடணும்னு சொன்னது. நம்ம ஜெயில்கள்ல கூலில 20 சதவீதம் அப்படி பிடிக்கற ஏற்பாடு. பிடிக்கறது நல்லாவே நடக்கும், மாசாமாசம் கணக்குல ஏறிடும். அது தனக்கு உரியதுன்னு பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு யாராவது கடிதம் போட்டதா நான் கண்டதில்ல. புழல்ல எவனோ பேக்கரில மாவு பிசையறான், அவன் கூலில ஒரு பங்கு தன் பேர்ல இருக்கலாம்னு ஆத்தூர்ல இருக்கற விதவைக்கு எப்படித் தெரியும்?

8 மார்ச்

நீளமா ஆயிடுச்சு, ஆனா மாநிலச் சட்டம்னு பேசறப்ப இத விட முடியாது. முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், 1997. எல்லாரும் டி.என்.பி.ஐ.டி.ம்பாங்க. தொண்ணூறுகள்ல தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ், நிதி, தேக்கு மரம்னு மூழ்குன காலத்துல தமிழ்நாடு போட்டது. இதுல ஆள உள்ள வெக்கறது ரெண்டாவது, சொத்தப் புடிக்கறதுதான் முதல். அரசு ஜி.ஓ. போட்டு சொத்த முடக்கும், டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) மாதிரி ஒருத்தர அதிகாரியா போடும், சென்னை, கோவை, மதுரைல தனி கோர்ட், ஏலம் விட்டு பணம் போட்டவங்களுக்கு விகிதாச்சாரமா பங்கு. மாநிலத்துக்கு இப்படி சட்டம் போட அதிகாரம் இல்லன்னு கேஸ் போட்டு 2011-ல சுப்ரீம் கோர்ட்ல தோத்தாங்க. மத்திய அரசு இதே வழில தனிச் சட்டம் போட்டது 2019-லதான்.

எங்க சித்தி அப்படி ஒரு ஃபைனான்ஸ்ல, பேர் வேண்டாம், சித்தப்பாவோட பி.எஃப். பணம் மொத்தத்தையும் போட்டுச்சு. 24 பர்செண்ட் வட்டி. கம்பெனி கதவ சாத்துனப்ப எல்லாரும் ரசீத கிழிச்சுப் போட்டாங்க, சித்தி மட்டும் அந்த மஞ்ச ரசீத பைபிள்ல வெச்சிருந்துச்சு. ஏலம் முடிஞ்சு பங்கு வர்றப்ப ரசீது இருக்கறவங்களுக்குத்தான். ரொம்ப வருஷம் கழிச்சு வந்துச்சு, அசல்ல கொஞ்சம், வட்டிய மறந்துடணும். சித்தப்பா இல்ல அப்போ. சித்தி அந்தப் பணத்துல கண் ஆபரேஷன் பண்ணிக்கிச்சு.

வேகம்தான் இதுல சாபக்கேடு. திருப்பூர் பாசி ஃபோரெக்ஸ்ங்கற நிதி கம்பெனி 2009-ல கவுந்துச்சு, கிட்டத்தட்ட 930 கோடி, தீர்ப்பு வந்தது 2022 ஆகஸ்ட்ல, 27 வருஷம் ஜெயில், 171 கோடிக்கு மேல அபராதம். பேப்பர்ல 27 வருஷம்தான் பெரிய எழுத்துல. பணம் போட்ட பனியன் கம்பெனி டெய்லருக்கு 27-ஆ 7-ஆன்னு என்ன கவலை.

சொத்தே சரியில்லன்னா ஜப்தி பண்ணி என்ன பண்றது. 2012 பெருந்துறை ஈமு கோழிப் பண்ணை மோசடி கதை தெரியும்ல, சொத்துன்னு புடிச்சது பூரா உயிரோட நிக்கற கோழி, கால்நடைத் துறை தீவனம் போட்டு காப்பாத்த வேண்டியதாச்சு. பாதிக்கப்பட்டவனுக்கு சேர வேண்டிய சொத்து தினமும் மூணு வேளை திங்குது. உலகத்துல வேற எந்த இழப்பீட்டுச் சட்டத்துக்கும் இந்தக் கஷ்டம் வந்திருக்காது.

புது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதால 107-ம் பிரிவு இப்ப இந்த வழிய எல்லா குற்றத்துக்கும் திறந்து விட்டிருக்கு. குற்றத்தால வந்த சொத்துன்னு கோர்ட் முடிவு பண்ணா மாவட்ட நீதிபதி இல்ல, மாவட்ட கலெக்டர் 60 நாளுக்குள்ள பாதிக்கப்பட்டவங்களுக்கு பிரிச்சுக் குடுக்கணும். 60 நாள். நான் வேற எதுவும் சொல்லல.

11 மார்ச்

தம்பி உங்க மெசேஜ் பாத்தேன். அப்பீல் இல்லன்னு தெரிஞ்சதே பெரிய விஷயம், வசூல் மனு போடுங்க, சட்டப்பணிகள் ஆணைக்குழுல இலவச வக்கீல் கேட்டு வாங்குங்க. ஆஸ்பத்திரி பில்லோட அசல யார்கிட்டயும் குடுக்காதீங்க.

14 மார்ச்

தம்பி மேல பாண்ட் இருக்கு, அலுவலர எங்க பாக்கறதுன்னு கேட்ட தர்மபுரி நண்பருக்கு: நன்னடத்தை அலுவலர் ஜெயில் துறைக்குக் கீழ வர்றவர், சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறைன்னு போர்டு தேடுங்க, போர்டு இல்லன்னா பக்கத்துல இருக்கற கோர்ட் ஹெட் கிளார்க்க கேட்டா சொல்லிடுவார். உங்க தம்பி மேல பாண்ட் இருக்கறப்ப அவர எதிரி மாதிரி பாக்க வேண்டாம், தவணை கட்ட முடியலன்னா நாள் தவறுறதுக்கு முன்னாடியே போய் சொல்லுங்க, தவறுன பிறகு சொன்னா அவராலயும் ஒண்ணும் எழுத முடியாது. காலைல போகாதீங்க, கோர்ட்ல இருப்பார், மத்தியானம் மூணு மணிக்கு மேல போங்க. வழக்கு எண்ண ஒரு துண்டுச்சீட்டுல எழுதி எடுத்துட்டுப் போங்க, பேர வெச்சு தேடச் சொன்னா அங்க முருகேசனே அம்பது பேர் இருப்பாங்க.